சிம்பன்சி பார்க்கப் போன மச்சாள்

1996 யூன் 3, திங்கள்

ஆறு கிழமைக்குப் பிறகு இன்றுதான் சினியோரா கொஸ்தான்சா வீட்டு வேலைக்குத் திரும்பினேன். கர்ப்பப்பை எடுத்த இடம் இன்னும் இழுக்கிறது. ஆனாலும் நான் குடியிருக்கிற போர்கோ வெக்கியோவிலிருந்து நடந்தே போனேன். ஒன்பது வருடமாக நடக்கிற வழி.

கோப்பிக் கேத்தல் அதன் இடத்தில் இல்லை. உப்புப் போத்தல் மேல் தட்டுக்கு ஏறியிருக்கிறது. பல்கனியில் ஓர் ஆமை இருக்கிறது, என் குரல் கேட்டால் தவழ்ந்து வரும். இன்று கழுத்தைக்கூட நீட்டவில்லை. எல்லாம் எமிலியானாவின் வேலை.

இத்தாலியில் இந்த ஊரில் எங்கள் தமிழ்ச் சனம் வேலை என்று சொல்வது குறைவு, வீடு என்றுதான் சொல்வோம். எனக்கு மூன்று வீடு, அவளுக்கு இரண்டு வீடு. ஒருத்தி ஊருக்குப் போனாலோ நோயில் படுத்தாலோ வீட்டைச் சும்மா விட்டுவிட்டுப் போகமாட்டாள், சொந்தத்தில் ஒருத்தியை வைத்துவிட்டுப் போவாள். பிறத்தியார் நுழைந்தால் வீடு கைவிட்டுப் போய்விடும் என்ற பயம். நான் என் தம்பி பெனடிக்ற்றின் மனைவியை வைத்துவிட்டுப் படுத்தேன். எமிலியானா என்னைவிடப் பதினாறு வயது இளையவள். இத்தாலி மொழி நன்றாக வரும். சிரிப்பு அதைவிட நன்றாக வரும்.

சினியோரா சொன்னார், இனி இருவரும் வாருங்கள், மலர் திங்கள் புதன் வெள்ளி, எமி செவ்வாய் வியாழன் சனி என்று.

எமி. ஆறு கிழமைக்குள் பெயரையும் வெட்டிச் சுருக்கியாயிற்று. என்னுடைய மூன்று நாளை எடுத்து அவளுக்குக் கொடுத்துவிட்டு, எனக்கு ஓய்வு கொடுத்ததுபோல் சிரிக்கிறார்.

யூன் 5

கேத்தலைப் பழைய இடத்தில் வைத்தேன்.

யூன் 7

கேத்தல் மறுபடியும் அங்கே.

யூன் 21, வெள்ளி

சாப்பாட்டு மேசை முழுவதும் ஆப்பிரிக்கா. பெரிய வரைபடம் ஒன்றை விரித்துப் போட்டு, நாலு மூலைக்கும் நாலு புத்தகம் வைத்திருந்தார் சினியோரா. நாற்பது வருடம் பள்ளிக்கூடத்தில் உயிரியல் படிப்பித்தவர். ஒரு முறையாவது காட்டில் சுதந்திரமாகத் திரிகிற சிம்பன்சியைப் பார்க்க வேண்டும் என்று, கணவர் இருந்த காலத்திலிருந்தே சொல்வார். இப்போது போகப் போகிறார். தன்சானியா, தங்கனிக்கா என்கிற கடல் மாதிரி ஏரி, அதன் கரையில் காடு மூடிய மலை. அங்கே தெருவே கிடையாது. சின்ன விமானத்தில் போய் இறங்கிப் பிறகு படகு. படகால் இறங்கினால் கூடாரம். விடிந்ததும் வழிகாட்டி ஒருவர் பின்னால் மலை ஏற வேண்டும். சில நாள் ஒரு மணி நேரத்தில் குரங்குகள் அகப்படுமாம், சில நாள் ஆறு மணி நேரம் நடந்தாலும் சத்தம் மட்டும்தானாம்.

குரங்கு என்று நான் சொன்னதும் திருத்தினார். குரங்கு இல்லையாம். வால் இல்லையாம். எங்களுக்கு மச்சான் மச்சாள் முறையாம்.

சினியோராவுக்கு இடது கண் தெளிவில்லை. படி இறங்கும்போது உயரம் பிடிபடாது. அதனால் கைபிடித்து நடக்க ஓர் ஆள் வேண்டும். மகள் மிலானோவில், காடு என்றாலே மாட்டேன் என்றுவிட்டாளாம்.

வரைபடத்துக்குக் கீழே தூசி துடைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சொன்னார்: "எமி வருகிறாள்."

பிறகு, நான் இல்லாதபோது ஆமையைப் பார்த்துக்கொள்வாய்தானே என்று கேட்டார்.

ஓம் என்றேன்.

யூன் 22

ஒன்பது வருடம் அந்தக் கையைப் பிடித்துப் படி இறக்கியது யார்?

யூலை 7, ஞாயிறு

வழக்கம்போல மொந்தே பெல்லெக்ரீனோ மலை ஏறினேன். இந்த ஊரின் காவல் புனிதை சாந்தா றொசாலியாவின் குகைக்கு. எங்கள் சனத்தில் வேதக்காரரும் போகிறோம், சைவக்காரரும் வருகிறார்கள். ஒப்பரேசனுக்குப் பிறகு முதல் தரம். வெறுங்காலோடுதான். பாதி வழியில் நின்று மூச்சு வாங்கினேன், அவ்வளவுதான்.

மேலேயிருந்து இருவர் இறங்கி வந்தார்கள். சினியோராவும் எமிலியானாவும். ஆப்பிரிக்காவுக்குப் பயிற்சியாம். எமிலியானா காலில் புதுச் சப்பாத்து, கணுக்கால் வரை தோல், சிவப்பு நாடா. சினியோரா கூட்டிப்போய் அளவு பார்த்து வாங்கிக் கொடுத்தது.

"மச்சாள், சப்பாத்துக் கடிக்குது" என்றாள்.

"கழட்டிப் போட்டு நட" என்றேன்.

இருவரும் சிரித்தார்கள். நான் பகிடி விட்டதாக நினைத்தார்கள்.

எனக்கு வயிறு வெட்டியதால் என்னைக் கூட்டிப்போகவில்லை என்று தம்பியிடம் சினியோரா சொன்னாராம். இதோ அதே வயிற்றோடு, வெறுங்காலோடு, கண்ணுக்கு முன்னால் மலை ஏறிக்கொண்டு நிற்கிறேன். ஒரு கண் தெளிவில்லைதான், மற்றக் கண்ணுக்கு என்ன?

யூலை 15

சாந்தா றொசாலியாவின் தேர்த் திருநாள் பார்க்கப் போகவில்லை. தலையிடி என்று சொன்னேன். எமிலியானா மாத்திரை கொண்டுவந்தாள்.

ஓகஸ்ட் 2, வெள்ளி

எமிலியானாவுக்குக் காய்ச்சல். மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்டதால் வந்ததாம். கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உன்னைப்போல ஒரு மச்சாள் ஆருக்குக் கிடைக்கும் என்றான் பெனடிக்ற். அவனைப் பத்து வயதிலிருந்து வளர்த்தவள் நான். இந்த ஊருக்கு எடுப்பித்ததும் நான். அவளை எடுப்பித்ததும் நான். நான் கல்யாணம் கட்டாததற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், அவர்கள் இருவரும் அதில் இரண்டு.

பொறாமை என்று எழுதிப் பார்க்கிறேன். பொறாமை. சரி, இருக்கட்டும். எழுதினால் குறையும் என்று யார் சொன்னது?

ஓகஸ்ட் 18, ஞாயிறு

பயணம் ஒழுங்கு செய்பவர்கள் அனுப்பிய தாள் சினியோரா மேசையில் கிடந்ததை வெள்ளிக்கிழமை வாசித்தேன். சிம்பன்சியின் முன்னால் சாப்பிடக்கூடாது. துப்பக்கூடாது. அது கிட்ட வந்தால் நாம் பின்னால் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே கறுப்பு எழுத்தில்: தடிமன், இருமல் உள்ள எவரையும் காட்டுக்குள் விடமாட்டார்கள். எங்கள் தடிமன் அவற்றுக்குத் தொற்றினால் செத்தே போகுமாம்.

இன்று கோயிலில் எமிலியானாவின் மகள் ஜெசிக்காவுக்கு மூக்கு ஒழுகியது. நாலு வயது. என் மடியில் இருந்தாள். இவளைத் தூக்கித் தாயின் மடியில் இருத்தினால் என்ன என்று யோசித்தேன். பூசை முடியும் வரை யோசித்தேன்.

இருத்தவில்லை. யோசித்தது உண்மை.

ஓகஸ்ட் 21, புதன்

பெட்டி அடுக்கும் நாள் என்று இருவரும் வேலைக்குப் போயிருந்தோம். சினியோரா மருந்துக்கடைக்குப் போயிருந்தார். நான் அவருடைய காக்கிச் சட்டைகளுக்கு அயன் பிடித்துக்கொண்டிருந்தேன். எமிலியானா கைப்பையைத் திறந்து தன் பெர்மெஸ்ஸோவை, வதிவிட அனுமதியை, எடுத்து அயன் மேசையில் வைத்தாள். அந்தக் கடதாசி இல்லாவிட்டால் இந்த நாட்டில் நாங்கள் ஒருவரும் இல்லை. அதோடு, புதுப்பிக்கக் கொடுத்ததற்குப் பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவில் கொடுத்த சின்னத் துண்டும் குத்தியிருந்தது.

"மச்சாள், இது செப்ரெம்பர் எட்டோடை முடியுது. நாங்கள் பதினாறுதான் வாறம். புதுப்பிக்கக் குடுத்த துண்டு இருக்குது. இது காணும்தானே?"

எங்கள் சனத்துக்குக் குவெஸ்தூராவில் ஏதும் சிக்கல் என்றால் என்னிடம்தான் வருவார்கள். குவெஸ்தூரா அக்கா என்று பட்டமே இருக்கிறது. எந்தக் கதவுக்கு எந்தக் கடதாசி என்று எனக்குத் தெரிந்த அளவு ஒருவருக்கும் தெரியாது.

எனக்குத் தெரியும். அந்தத் துண்டு இந்த நாட்டுக்குள் மட்டும் செல்லும். வெளியே போய்த் திரும்பி வரச் செல்லாது. போவதற்கு முன் குவெஸ்தூராவில் திரும்பி வருகிற விசா கேட்டு வாங்க வேண்டும். அதற்கு நாலைந்து நாள் போதும். இன்னும் ஏழு நாள் இருக்கிறது.

நான் சொன்னேன்: "துண்டு தந்திருக்கினம்தானே. குடுத்ததுக்கு அதுதான் அத்தாட்சி."

"அப்ப பயமில்லை" என்று பைக்குள் வைத்தாள். பிறகு, "நான் ரெண்டு சட்டை அயன் பண்ணட்டோ, உங்களுக்கு வயிறு நோகும்" என்றாள்.

நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

ஓகஸ்ட் 22

நாலு வருடத்துக்கு முன் எங்கள் சனத்தில் யோசேப் என்பவன் தன் தாயின் செத்தவீட்டுக்கு இப்படி ஒரு துண்டோடு போனான். திரும்பி வர ஏழு மாதம் எடுத்தது. அவனுக்காக அலைந்தது நான்தான். ஆகவே தெரியாது என்று எனக்கே சொல்லிக்கொள்ள முடியாது.

நாளைக்குச் சொல்லுவேன்.

ஓகஸ்ட் 23

சொல்லவில்லை. அவள் இன்று வரவில்லை. போனில் சொல்லக்கூடிய விசயமா?

சொல்லக்கூடிய விசயம்தான்.

ஓகஸ்ட் 25, ஞாயிறு

பூசைக்குப் பிறகு கோயில் வாசலில் எல்லோரும் அவளைச் சுற்றி. சிங்கம் பார்ப்பியோ, யானை பார்ப்பியோ, பாம்பு இருக்குமோ. சுவாமி தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன். சொல்வதற்குத்தான் போனேன், சத்தியமாக. வாயைத் திறந்தேன்.

அவள் பையிலிருந்து சினியோராவின் கணவருடைய பைனாகுலரை எடுத்தாள். "இதையும் தந்தவ, மச்சாள். பாருங்கோ."

ஒன்பது வருடம் கிழமைக்கு ஒருமுறை அந்தப் பைனாகுலருக்குத் தூசி துடைத்திருக்கிறேன். மெல்லிய பிரஷ், மெல்லிய துணி. ஒரு நாளும் கண்ணில் வைத்துப் பார்த்ததில்லை. பார் என்று சொன்னவரும் இல்லை.

வாயை மூடிக்கொண்டேன்.

ஓகஸ்ட் 27

இனிச் சொன்னால் விசா எடுக்க நாளில்லை. பயணம் நிற்கும். நிற்கட்டுமே என்றும் இருக்கிறது. ஆனால், ஏன் முதலே சொல்லவில்லை என்று சினியோரா கேட்பார். என்ன பதில் சொல்லுறது? ஒவ்வொரு நாளும் சொல்லாததைச் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கே தெரியாமல் நானே என்னை மூலைக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.

ஒருவேளை பார்க்காமலே விட்டுவிடுவார்கள். வெள்ளைக்கார மனுசியோடு வருகிறவளை யார் மறிக்கப்போகிறார்கள்?

ஓகஸ்ட் 28, புதன்

புந்தா றைசி விமான நிலையம். ஜெசிக்கா அழுதாள். "மம்மா, ஆன்கே இயோ" என்று தாயின் கழுத்தை விடவில்லை, நானும் வருவேன் என்று. பெனடிக்ற் பிள்ளையைப் பிரித்து என் கையில் தந்தான். எமிலியானா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள். சிவப்பு நாடாச் சப்பாத்து.

கண்ணாடிக் கதவு வரை போய் நின்றேன். கூப்பிட்டால் கேட்கிற தூரம்.

போய்விட்டாள்.

செப்ரெம்பர் 4, புதன்

சாந்தா றொசாலியாவின் நாள். ஜெசிக்காவைத் தூக்கிக்கொண்டு மலை ஏறினேன். குகைக்குள் மண்டியிட்டு ஒன்றும் கேட்கவில்லை. எதைக் கேட்பது?

ஆமைக்குச் சலாது போட்டேன். கிட்ட வந்து தின்றது. இப்போது மட்டும் தெரிகிறதா என்னை?

செப்ரெம்பர் 8, ஞாயிறு

மாதா பிறந்த நாள். எமிலியானாவின் பெர்மெஸ்ஸோ முடிகிற நாளும்.

ஜெசிக்கா என்னோடுதான் படுக்கிறாள். எத்தனை நாள் என்று விரலை நீட்டுவாள், நான் மடித்துக் காட்டுவேன். எட்டு விரல் என்றேன்.

செப்ரெம்பர் 16, திங்கள்

வரவில்லை.

செப்ரெம்பர் 17

சினியோரா மட்டும் வந்தார். தார் எஸ் சலாம் விமான நிலையத்தில் எமிலியானாவை ஏற்றவில்லை. முடிந்த பெர்மெஸ்ஸோ, இத்தாலியில் இறக்கமாட்டார்கள், ஆகவே ஏற்றமாட்டோம் என்று. சினியோரா சண்டை பிடித்தாராம், கெஞ்சினாராம். கண்ணுக்கு விடுகிற மருந்தும் முடிந்துவிட்டது. கடைசியில் அங்கே இருக்கிற கன்னியாஸ்திரிகளின் மடத்தில் அவளை விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

பெனடிக்ற் என் முன்னால் கதிரையில் இருந்து கேட்டான்: "அக்கா, அந்தத் துண்டை உனக்கு அவள் காட்டேல்லையோ?"

"இல்லை" என்றேன்.

இது பொய். முதலாவது முழுப் பொய். அவன் நம்பினான். என்னைக் கேட்டதற்காக மன்னிப்பும் கேட்டான்.

செப்ரெம்பர் 18, புதன்

சினியோரா சமையலறையில் என் பக்கத்தில் வந்து இருந்து கதைத்தார். ஒன்பது வருடத்தில் இப்படி இருந்ததில்லை. சொல்ல ஆள் இல்லை போலும். நானும் கத்திரிக்காயை வெட்டாமல் கேட்டேன்.

முதல் இரண்டு நாளும் ஒன்றும் அகப்படவில்லையாம். மரத்தின் உச்சியில் அவை கொப்புகளை மடக்கிக் கட்டிவிட்டுப் போன படுக்கைகள் மட்டும். மூன்றாம் நாள் நாலு மணி நேரம் ஏறினார்களாம். வழிகாட்டி கத்தியால் கொடிகளை வெட்டிக்கொண்டு முன்னால், எமிலியானா பின்னாலிருந்து சினியோராவின் முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு. திடீரென்று காடு முழுவதும் கூச்சல். ஒன்று தொடங்க, மற்றது எடுக்க, மலைக்கு மலை. மரத்தின் வேரைக் காலால் உதைத்து மேளம் அடிப்பதுபோல ஒரு சத்தம். பிறகு எல்லாம் அடங்கிவிட்டதாம். ஒரு தாய், முதுகில் குட்டியோடு, ஒற்றையடிப் பாதையில் நேரே நடந்து வந்ததாம். விலக இடமில்லை. இவர்கள் மூவரும் பற்றைக்குள் குந்திவிட்டார்கள். ஒரு முழத் தூரத்தில் கடந்து போனதாம். போகும்போது எமிலியானாவின் சப்பாத்தைப் பார்த்ததாம், முகத்தைப் பார்த்ததாம், போனதாம். எமிலியானா தமிழில் அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

சினியோரா அழுதார். "அவள் இல்லாவிட்டால் நான் அந்த இடத்தைப் பார்த்திருக்கமாட்டேன்" என்றார்.

அவள் அங்கே மடத்தில் கிடக்கிறாள், அவள் பிள்ளை இங்கே விரல் எண்ணுகிறது, அதற்குக் காரணம் நான். இவ்வளவும் தெரிந்தும் என் நெஞ்சில் முதலில் வந்தது என்ன? அந்தப் பற்றைக்குள் நான் குந்தியிருக்க வேண்டும் என்பது. இதுக்குமேல ஒரு மனுசி கேவலமாக முடியுமோ?

செப்ரெம்பர் 20

குவெஸ்தூரா. நம்பர் எடுத்து நாலு மணி நேரம். ஆள் நேரே வர வேண்டும் என்கிறார்கள்.

செப்ரெம்பர் 23

குவெஸ்தூரா. வேறு கவுண்டர். அதே பதில்.

செப்ரெம்பர் 27, வெள்ளி

எமிலியானாவின் கடிதம் வந்தது. மறிக்கப்படுவதற்கு முன், காட்டில் இருக்கும்போது எழுதியது. எனக்குத்தான். இரண்டு தரம் வாசித்துவிட்டேன். இந்த இடத்தை இங்கே எழுதி வைக்கிறேன்.

"மச்சாள், இண்டைக்கு ஒரு பகிடி பாத்தன். ஒரு பொம்பிளைச் சிம்பன்சி இன்னொண்டின்ர முதுகிலை பேன் பாத்துக்கொண்டு இருந்துது. மூண்டாவதொண்டு வந்து ரெண்டுக்கும் நடுவிலை குந்திச்சுது. சண்டை வரப்போகுதெண்டு பாத்தன். வரேல்லை. கொஞ்சத்தாலை மூண்டும் வரிசையா இருந்து பேன் பாத்துதுகள். நீங்கள்தான் இதெல்லாம் பாக்க வந்திருக்கோணும். முதல் சினியோரா கேக்கேக்கை மலரைக் கூட்டிக்கொண்டு போங்கோ எண்டுதான் சொன்னனான். டொத்தோர் அஞ்சாறு மாசம் மலை ஏறக்கூடாதெண்டு சொன்னவராம். அண்டைக்கு மலையிலை உங்களைக் கண்ட பிறகும், நீங்கள் ஒவ்வொரு ஞாயிறும் ஏறுறியள் எண்டு நான் சொல்லேல்லை. சொன்னா சினியோரா உங்களை ஏசுவா எண்டு பயந்து."

நடுவில் வந்து குந்தினது நானா, அவளா?

என்னைக் கூட்டிப்போகச் சொன்னாளாம். அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவள் மேல் கோபப்பட எனக்கு இருந்த ஒரேயொரு காரணத்தையும் பறித்துக்கொண்டாள்.

ஒக்ரோபர் 3

சினியோராவின் மருமகன் முறையான வக்கீல் ஒருவர் ஒரு விண்ணப்பம் எழுதித் தந்தார். எழுதியதில் இரண்டு பிழை. நான் திருத்திக் கொடுத்தேன். புதுப்பித்தல் அனுமதியாகிவிட்டது என்று குவெஸ்தூராவிலிருந்து ஓர் உறுதிக் கடதாசி எடுத்து, அங்கே இத்தாலியத் தூதரகத்துக்கு அனுப்ப வேண்டும். வேறு வழியில்லை. முதல் நாளே இதைச் சொல்லியிருக்கக்கூடியவள் நான், மூன்றாம் கிழமை கண்டுபிடித்தவள்போல நடிக்கிறேன்.

ஒக்ரோபர் 11

கடதாசி கிடைத்தது. கவுண்டரில் இருந்தவர், பதினொரு தரம் வந்துவிட்டாய், அவள் உனக்கு யார் என்றார். கொன்யாத்தா என்றேன், தம்பியின் மனைவி. அதிர்ஷ்டக்காரி என்றார்.

சினியோரா எல்லோரிடமும் சொல்கிறார், மலர் இல்லாவிட்டால் என்ன செய்திருப்போம் என்று. கோயிலிலும் அதே கதை. இத்தனை நாளும் இப்படி ஒரு சொல்லுக்குத்தான் ஏங்கினேன். வந்திருக்கிறது. வாயில் வைக்க முடியவில்லை.

ஒக்ரோபர் 24, வியாழன்

எமிலியானா வந்தாள். மெலிந்து, கறுத்து. ஜெசிக்கா முதலில் போகவில்லை. என் சட்டைக்குப் பின்னால் ஒளிந்தாள். எமிலியானா முகம் ஒரு கணம் எப்படிப் போனது என்று நான் பார்த்தேன். எனக்குக் கொஞ்சம் சந்தோசமாக இருந்தது. எழுதத்தான் வேண்டும், இருந்தது.

ஒக்ரோபர் 27, ஞாயிறு

பெனடிக்ற் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. நாங்கள் நால்வரும்தான். எமிலியானா மீன் குழம்பு வைத்திருந்தாள். பாதிச் சாப்பாட்டில் பெனடிக்ற் தொடங்கினான். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது.

"இவ்வளவு படிச்ச மனுசியோடை போறாய். போக முதல் ஒருத்தரையாவது கேட்டியோ? துண்டை ஆருக்காவது காட்டினியோ?"

எமிலியானா என்னைப் பார்க்கவில்லை. ஜெசிக்காவின் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள். "இல்லை. ஒருத்தரையும் கேக்கேல்லை. என்ர பிழைதான்" என்றாள். முள்ளை எடுத்துக் கோப்பை ஓரத்தில் வைத்தாள். "அக்காவுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடுங்கோ" என்றாள்.

மறந்துவிட்டாளோ என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு நிமிர்ந்து பார்த்தாள். மறக்கவில்லை. அந்த மடத்தில் நாற்பது நாள் இருந்து, அயன் மேசையை, நான் சொன்ன சொல்லை, ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்திருக்கிறாள். எல்லாம் விளங்கியிருக்கிறது. விளங்கித்தான் மறைக்கிறாள். எனக்காக.

அப்போது எனக்கு வந்தது நன்றி இல்லை. எரிச்சல். சப்பாத்து அவளுக்கு, பைனாகுலர் அவளுக்கு, பற்றைக்குள் அந்தத் தாய் அவளைத்தான் பார்த்தது. இப்போது மன்னிக்கிற பெருமையும் அவளுக்கா? ஆயுள் முழுக்க நான் அந்தச் சோற்றைத் தின்றுகொண்டு இருப்பதா?

"என்னட்டைக் காட்டினவள்" என்றேன். "அயன் பண்ணிக்கொண்டு நிண்டனான். காணுமோ எண்டு கேட்டவள். காணாதெண்டு எனக்குத் தெரியும். சொல்லேல்லை."

பெனடிக்ற் சாப்பிட்ட கையோடு இருந்தான். "ஏன் அக்கா?"

"பொறாமை" என்றேன்.

அவன் எழும்பிக் கை கழுவினான். தண்ணீர் கனநேரம் ஓடியது. பிறகு ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான். எமிலியானா, "ஏன் மச்சாள் சொன்னனீங்கள்? அவருக்கு இனி இது போகாது" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். அவள் இந்த ஊருக்கு வந்து இத்தனை வருடத்தில் என்னோடு கோபப்பட்டது இதுதான் முதல் தரம். அந்தக் கோபம் எனக்கு ஆறுதலாக இருந்தது.

நவம்பர் 1

சகல பரிசுத்தர் திருநாள். பெனடிக்ற் கோயிலில் மற்றப் பக்க வாங்கில் இருந்தான்.

நவம்பர் 9, சனி

எமிலியானா சினியோரா வீட்டை விட்டுவிட்டாள். மொண்டெல்லோவில் ஒரு கிழவரைப் பார்க்கிற வேலை எடுத்திருக்கிறாள். சினியோரா எவ்வளவோ கேட்டும் காரணம் சொல்லவில்லையாம். இனித் திங்கள் முதல் சனி வரை வீடு எனக்கு.

கேத்தல் நான் வைத்த இடத்திலேயே இருக்கிறது.

நவம்பர் 22

சினியோரா ஆப்பிரிக்காவில் எடுத்த படங்களைக் கருவி வைத்துச் சுவரில் விழுத்திக் காட்டினார். எனக்கென்று ஒரு கதிரை போட்டு. ஏரி, மலை, படகு. சிம்பன்சிகள் பெரும்பாலும் இலைக்குப் பின்னால் கறுப்பாக. ஒன்றில் எமிலியானா, தலையில் இலை ஒட்டியிருக்க, ஏதோ ஒன்றைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு நிற்கிறாள். எதைப் பார்த்தாள் என்பது படத்தில் இல்லை.

அழகாக இருக்கிறாள் என்றேன். சொல்ல முடிந்தது.

டிசம்பர் 12, வியாழன்

காலையில் எமிலியானா ஜெசிக்காவையும் கூட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். தம்பி என்னோடு இன்னும் கதைப்பதில்லை. அவள் வந்தது அவனுக்குத் தெரியுமோ தெரியாது.

"புதுப் பெர்மெஸ்ஸோ எடுக்க வரச் சொல்லியிருக்கினம். வாறியளோ?"

சினியோராவுக்குப் போன் எடுத்துப் பிந்தி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். மழை. வரிசையில் இரண்டு மணி நேரம். ஜெசிக்கா என் மடியில் நித்திரை. மொண்டெல்லோக் கிழவர் மீன் இல்லாமல் சாப்பிடமாட்டாராம், அதைச் சொன்னாள். தம்பிக்கு இருமல், அதைச் சொன்னாள்.

கடதாசி கிடைத்தது. வெளியே படியில் நின்று அதை என்னிடம் நீட்டினாள். "எப்ப முடியுதெண்டு ஒருக்கால் பாருங்கோ மச்சாள்."

நான் கண்ணாடியைப் போட்டு வாசித்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு, செப்ரெம்பர் எட்டு.

ஓம் என்று சொல்லி அதை வாங்கினாள். வெளிச்சத்துப் பக்கம் திரும்பி, தானும் ஒருதரம் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் பைக்குள் வைத்தாள்.